பிரேக்கை விடாத கால்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே இடம் மாற்றிக்கொள்ளலாம். பாதியில் எழுந்து ஓடினால் எனக்குக் கோபம் வரும். பயப்படுவதற்கென்றே வந்திருக்கிறீர்கள். வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன்.

நான் கதை கட்டுகிறவள்தான், ஒப்புக்கொள்கிறேன். கண் காது மூக்கு வைத்து எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இது அப்படியில்லை. இது நடந்தது. என் அக்கா மகனுக்கு நடந்தது. அன்று அவன் போட்டிருந்த சட்டையின் கிழிந்த நுனியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். அதில் லாரி டயரின் பல் அச்சு ஒன்று அப்படியே பதிந்திருந்தது. ராத்திரியில் நடந்தது என்றால் உங்களுக்கு இன்னும் ருசிக்கும். என்ன செய்வது, பட்டப்பகலில்தான் நடந்தது. மழைநாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

அவனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் குனிந்து நுழைகிற உயரம். லாரி பட்டறை வைத்திருந்தான். பிரேக் வேலை, கம்ப்ரசர் வேலை என்றால் அவனிடம்தான் வருவார்கள். கூட்டாளி அவன் மனைவியின் அண்ணன். நெட்டைக்கு மச்சான், பட்டறைக்கு வாய். கை செய்யும் வேலையைவிட அவர் வாய் செய்யும் வேலை அதிகம். ஆனால் மனசு தங்கம்.

கதை நடந்த அன்று நெட்டைக்கு மகள் பிறந்து மூன்று நாள். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்குத்தான் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. மூன்று நாளாகியும் அவன் மகளைத் தூக்கவில்லை. தூக்கப் போகும்போதெல்லாம் அவன் மனைவி, “கையில கிரீஸ், போய்க் கழுவிட்டு வாங்க” என்பாள். அவனும் கழுவிக்கொண்டே இருந்தான். மெக்கானிக் கையில் ஏறிய கறுப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்குமா?

பட்டறை வாசலில் ஒரு லாரி நின்றது. உள்ளே வேறொரு வண்டி கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்ததால், இதைச் சரிவிலேயே நிறுத்தியிருந்தார்கள். மூக்கு பட்டறைக்குள், தகரக் கூரைக்குக் கீழே. பின்பாகம் சரிவில், மழையில். கீழே ரோடு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரப்படாதீர்கள், இது தெரியாவிட்டால் பின்னால் எங்கே பயப்படுவது என்று தெரியாது.

லாரிக்குப் பிரேக் பிடிப்பது காற்று. எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு கம்ப்ரசர் என்று ஒன்று இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு மாதிரிதான், ஆனால் அடிக்க ஆள் வேண்டாம். எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். ‘டொக்டொக்டொக்’ என்று வெளிக்காற்றை இழுத்து, இறுக்கி, டேங்கில் கொண்டுபோய் அடைக்கும். மீட்டரில் முள் ஏறும். எட்டைத் தொட்டதும் ‘புஸ்ஸ்’ என்று ஒரு தும்மல். வயிறு நிறைந்துவிட்டது, இனி வேண்டாம் என்று அர்த்தம். டிரைவர் பெடலை மிதித்தால் அந்தக் காற்று குழாய் வழியே ஓடி, சக்கரத்தருகே இருக்கும் இரும்புச் சட்டிக்குள் புகுந்து, ஒரு தண்டை வெளியே தள்ளும். சக்கரம் நிற்கும். காலை எடுத்தால் காற்று வெளியேறும். தண்டு உள்ளே போகும்.

சரி, கம்ப்ரசர் கெட்டு, காற்றே இல்லாமல் போனால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பின்சக்கரத்துச் சட்டிகளுக்குள் ஆளைக் கொல்லும் பலத்தோடு ஒரு ஸ்பிரிங் சுருண்டு கிடக்கும். காற்று இருக்கும்வரை அதை அமுக்கி வைத்திருக்கும். காற்று போனதும் ஸ்பிரிங் எழுந்து, தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். வண்டியை நிறுத்திவிட்டு லீவரை இழுப்பதும் இதற்குத்தான். அந்த ஸ்பிரிங்கை நம்பித்தான் மெக்கானிக் வண்டிக்கடியில் நிம்மதியாகப் படுக்கிறான்.

இந்த லாரி வழியில் கம்ப்ரசர் செத்து, ஸ்பிரிங் பிடித்து, நடுரோட்டில் நின்றுவிட்ட வண்டி. அப்படி நின்றால் இழுக்கக்கூட முடியாது. அதனால் இழுக்க வந்தவன், சட்டிகளின் முதுகில் நீள போல்ட்டுகளை விட்டு முறுக்கி, ஸ்பிரிங்குகளைக் கட்டிப்போட்டான். கட்டிப்போட்ட ஸ்பிரிங் பிடிக்காது. காற்று இருந்தாலும் பிடிக்காது, போனாலும் பிடிக்காது.

அதற்காக இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். போல்ட்டை முறுக்கியவன் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவான். போல்ட்டைத் திரும்பக் கழற்றியவன்தான் அந்தத் துணியை அவிழ்க்க வேண்டும். துணி தொங்கினால், ‘இந்த வண்டிக்குப் பிடிமானம் இல்லை, அடியில் போகாதே’ என்று அர்த்தம். எழுதிப் படிக்கத் தேவையில்லை. சிவப்பைப் பார்த்தால் போதும்.

இழுத்து வந்தவன் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தான்.

நெட்டை இரண்டு நாள் உட்கார்ந்து கம்ப்ரசரைப் பிரித்து, ரிங் மாற்றி, வால்வு மாற்றிப் பூட்டினான். அன்று மதியம் எஞ்சினை ஓடவிட்டான். முள் ஏற ஆரம்பித்தது. ஒன்று... இரண்டு... மூன்று... அப்போதுதான் போன் வந்தது. லாரிக்குச் சொந்தக்கார அம்மா.

“தம்பி, வண்டி ஓடுதா?”

“காத்து ஏறிக்கிட்டு இருக்கும்மா. சாயங்காலம் எடுத்துக்கலாம்.”

“நாளைக்குக் குடுத்தாலும் போதும். நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். எங்க பெரிய டிரைவருக்கு ரொம்ப முடியல.”

பெரிய டிரைவர் என்பவர் அந்த வண்டியை முன்பு ஓட்டியவர். நெட்டை அவரைப் பார்த்ததில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் வண்டியே இவன் பட்டறைக்கு வர ஆரம்பித்தது. அவரைப்பற்றி அவனுக்குத் தெரிந்தது அந்தப் பிரேக் பெடல் ஒன்றுதான். பெடலின் மேல் ரப்பரில் குறுக்கே ஐந்து வரி. நடு வரி பாதியில் அறுந்திருந்தது. ‘எத்தனை வருஷம் ஒரே கால் மிதித்திருந்தால் இப்படித் தேயும்’ என்று நினைத்தான். மாற்ற வேண்டும் என்றும் நினைத்தான்.

போனை வைத்த உடனே மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவன் மனைவி.

“எங்க இருக்கீங்க? இவங்க கட்டிலைக் காலி பண்ணச் சொல்றாங்க.”

“கிளம்பிட்டேன்...”

“பின்னாடி எஞ்சின் சத்தம் கேக்குது. நல்லா கிளம்பினீங்க!”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அவன் மீட்டரைப் பார்த்தான். மழை ஈரத்தில் கண்ணாடி பனி படர்ந்து, முள் தெரியவில்லை. கை தானாக நீண்டது. கண்ணுக்கெதிரே ஒரு துணி தொங்கியது. உருவி எடுத்து மீட்டரைத் துடைத்தான். அப்படியே கையையும் துடைத்தான். பையில் செருகிக்கொண்டான்.

அவ்வளவுதான், கண்ணுகளா. அந்த ஒரு நொடிதான்.

முள் எட்டைத் தொட்டது. ‘புஸ்ஸ்.’ எஞ்சினை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டான். எஞ்சின் நின்றால்தானே எங்கே காற்றுக் கசிகிறது என்று காதால் கேட்க முடியும். லீவரை இழுத்தான். காற்று போன சத்தம் கேட்டது. வழக்கமாக அதன் பின்னால் ஒரு ‘டக்’ கேட்கும். ஸ்பிரிங் பிடிக்கிற சத்தம்.

அன்று ‘டக்’ இல்லை.

தகரத்தின் மேல் மழை கொட்டிய கொட்டில் கேட்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான்.

சக்கரம் உருளாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். இருந்த இரண்டு மரக்கட்டைகளில் ஒன்றைப் பக்கத்து வெல்டிங் கடைக்காரர் காலையில் வாங்கிப் போயிருந்தார். மிச்சம் ஒன்று பின்சக்கரத்தின் பின்னால் கிடந்தது. போதும், ஸ்பிரிங் பிடித்திருக்கிறதே. முன்சக்கரம் இரண்டையும் சோதித்தால் வேலை முடிந்தது.

முன்சக்கரச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் அடியில் படுத்துத் தண்டு எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க. கீழே இருப்பவன் ‘மிதி’ என்பான். மேலே இருப்பவர் ‘மிதிச்சாச்சு’ என்று பதில் சொல்ல வேண்டும். ‘விடு’ என்றால் ‘விட்டாச்சு’. பதில் வராமல் கை வைக்கக் கூடாது. அது பட்டறைச் சட்டம்.

“மச்சான், ஏறு மேல.”

“மழையில மாமியார் வீட்டுக்குப் போறவன்கூட இவ்வளவு அவசரப்பட மாட்டான்” என்று முனகிக்கொண்டே மச்சான் ஏறினார். அவர் ஏறியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நெட்டை சிரித்தான்.

பக்கவாட்டில் நுழைந்து மல்லாந்து படுத்தான். உடம்பு நடுவில், நீளக்கால் இரண்டும் முன்சக்கரத்துக்குப் பின்னால் வெளியே. வண்டி பின்னால் உருண்டால் முதலில் சக்கரம் ஏறுவது அந்தக் கால்களின் மேல்தான்.

“மிதி!”

“மிதிச்சாச்சு!”

இடது தண்டு இரண்டு விரற்கடை வெளியே வந்தது. சாக்பீஸால் கோடு போட்டான். சரியான அளவு.

“விடு!”

“விட்டாச்சு!”

‘புஸ்.’ தண்டு உள்ளே போனது. அதோடு ஒரு சத்தம்...

கிறீச்.

ஈர மரம் சிமெண்டில் தேய்கிற சத்தம். வண்டி லேசாக உட்கார்ந்த மாதிரி இருந்தது. நெட்டை கவனிக்கவில்லை. முதுகாலேயே நகர்ந்து வலப்பக்கத்துக்குப் போனான். அந்தப் பக்கம் குழாய் மூட்டில் மெல்லிய கசிவு. ஸ்ஸ்ஸ்ஸ்... ஸ்பேனரை எடுத்து மூட்டை இறுக்கப் பார்த்தான். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மேலே ஏதோ கதவுச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. மழைதான்.

கிறீச்... கிறீச்...

“மச்சான், மிதி!”

உடனே தண்டு தள்ளியது. இரண்டு விரற்கடை. கிறீச் சத்தம் சட்டென்று நின்றது.

ஆனால் பதில் வரவில்லை.

“மிதிச்சியா மச்சான்?”

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

“மிதிச்சிருக்கேன்.”

நெட்டை கோடு போடப்போன கையை நிறுத்தினான். ‘மிதிச்சாச்சு’ என்றுதானே சொல்வார்? குரலும் ஒரு மாதிரி இருந்தது. சளி கட்டிய குரல். நீளக் குழாயின் அந்தக் கோடியிலிருந்து பேசுவது மாதிரி. மழையில் நனைந்து தொண்டை கட்டிவிட்டது போல என்று நினைத்தான். கோடு போட்டான்.

“விடு!”

தண்டு அசையவில்லை.

“விடு மச்சான்!”

அசையவில்லை.

“யோவ்! தூங்கிட்டியா? விடு!”

“மாட்டேன்.”

நெட்டைக்கு எரிச்சல் வந்தது. மச்சான் எந்த நேரத்தில் விளையாடுவார் என்று கணக்கே கிடையாது.

“உன் தங்கச்சி அங்க என்னைத் திட்டிக்கிட்டு இருக்கா. விளையாடாத. விடு.”

மூட்டிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவன் கண்ணில் விழுந்தது. கண் எரிந்தது. பையில் கைவிட்டான். துணியை இழுத்துத் துடைத்தான். ஒரு கண்ணைத் திறந்தான்.

துணி சிவப்பாக இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒரு மூச்சு... இரண்டு மூச்சு...

பிறகு தலையை மெல்லப் பின்பக்கம் திருப்பினான்.

பின்சக்கரத்துச் சட்டி இருட்டில் தெரிந்தது. அதன் முதுகிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு போல்ட் துருத்திக்கொண்டிருந்தது. அடுத்த சட்டியிலும். ஒன்றுகூடக் கழற்றப்படவில்லை.

கட்டை? கட்டை எங்கே?

சக்கரத்தின் பின்னால் வெறும் தண்ணீர் ஓடியது. தண்ணீரோடு பார்வை போனது. சரிவின் அடியில், ரோட்டோரம், மரக்கட்டை கவிழ்ந்து கிடந்தது.

இப்போது இந்த வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்.

மேலே பெடலில் இருக்கும் கால்.

“மச்சான்...” கிசுகிசுத்தான். “மச்சான், விட்டுடாத.”

“விட மாட்டேன்.”

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

குழாய் மூட்டு. அவன் பாதி இறுக்கிய மூட்டு. காற்று போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடவில்லை. கம்ப்ரசர் ஓடவில்லை. டேங்கில் இருப்பது தீர்ந்தால்... மேலே எத்தனை கால் மிதித்தாலும் தண்டைத் தள்ளக் காற்று இருக்காது.

வெளியே போக வேண்டும். உடனே.

புரண்டான்.

நகர முடியவில்லை.

மறுபடி இழுத்தான். எதுவோ இடுப்பில் பிடித்து இழுத்தது. தடவிப் பார்த்தான். சட்டை. சட்டையின் நுனி முன்சக்கரத்துக்கு அடியில் இருந்தது. நுழையும்போது அவனுக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்ததே...

வண்டி ஏற்கெனவே அத்தனை தூரம் வந்திருந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

தண்டு நடுங்கியது. ஒரு நூல் அளவு உள்ளே போனது.

சக்கரம் அசைந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக்...

டொக்... டொக்...

தலைக்கு மேலே. கம்ப்ரசர்.

எஞ்சின் செத்துக் கிடந்தது. சாவி அவன் பையில். கம்ப்ரசரைச் சுற்றும் பெல்ட் அசையவில்லை, அவன் கண்ணால் பார்த்தான். ஆனால் கம்ப்ரசர் அடித்தது. ஆள் ஒருவன் மூச்சு வாங்க வாங்க, கையால் பம்பு அடிப்பது மாதிரி...

டொக்... டொக்... டொக்...

தண்டு மெல்ல மறுபடி வெளியே தள்ளியது.

சக்கரம் நின்றது.

“வெளிய வா.” அதே குரல். நடுங்கியது. “வெளிய வாடா, சுண்டு. சீக்கிரம்.”

சுண்டு?

ஆறடிக்கு மேல் வளர்ந்தவனை யார் சுண்டு என்று கூப்பிடுவார்கள்?

நெட்டை சட்டையைக் கிழித்தான். பொத்தான்கள் தெறித்தன. தோள் சிமெண்டில் உரசித் தோல் வழண்டது. முழங்கால்... கணுக்கால்... கடைசி விரல்...

வெளியே வந்தான்.

ஈரச் சிமெண்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். “மச்சான், அப்படியே மிதி, கட்டை வைக்கிறேன்” என்று கத்திக்கொண்டே நிமிர்ந்து டிரைவர் ஜன்னலைப் பார்த்தான்.

யாரும் இல்லை.

கதவைத் திறந்தான்.

சீட் காலி.

பெடல் அடிவரை அமுங்கியிருந்தது.

“என்னடா சட்டையெல்லாம் கிழிஞ்சிருக்கு?”

குரல் பின்னாலிருந்து வந்தது. பட்டறை கேட்டிலிருந்து. மச்சான் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் போனோடு ஓடி வந்தார். “தங்கச்சி போன்டா. மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, கேட்டுக்குப் போயிட்டேன். ‘இறங்குறேன், மிதின்னு சொல்லாத’ன்னு கத்தினேனே, கேக்கலையா?”

நெட்டை பெடலைக் காட்டினான்.

மச்சான் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பேச்சு வரவில்லை.

இருவரும் உள்ளே ஓடி, கையில் கிடைத்த இரும்புக் கட்டைகளையெல்லாம் இழுத்து வந்து ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் அடித்துச் செருகினார்கள். பெடல் அப்படியே இருந்தது. மீட்டர் முள் எட்டில் நின்று நடுங்கியது.

நெட்டை கதவருகே வந்து நின்றான்.

“வந்துட்டேன்... விடுங்க.”

பெடல் எழவில்லை.

அவனுக்கு எப்படித் தோன்றியதோ.

“சுண்டு வெளிய வந்துட்டான்.”



பிறகு பெடல் எழுந்தது. மெதுவாக. களைத்துப்போன கால் ஒன்று தன்னை எடுத்துக்கொள்வது மாதிரி. ‘புஸ்ஸ்ஸ்...’ என்ற அந்த நீளமான காற்றுக்குள்ளே ஒரு வார்த்தை இருந்ததாக இருவருமே சொல்கிறார்கள்.

“சரிடா.”

வண்டி அத்தனை கனத்தோடும் பின்னால் சாய்ந்து இரும்புக் கட்டைகளின் மேல் உட்கார்ந்தது. பட்டறைச் சுவரில் மணி மூன்று பத்து.

*

நெட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நான்கரைக்கு மேல் ஆகிவிட்டது. மச்சானின் சட்டையைப் போட்டிருந்தான். அகலத்தில் இரண்டு நெட்டையைக் கொள்ளும், நீளத்தில் தொப்புள் தெரியும். பெரிய டிரைவரைச் சேர்த்திருந்ததும் அதே ஆஸ்பத்திரிதான். கீழ்த்தளத்து நடையில் லாரிக்காரம்மா நின்றிருந்தார். பக்கத்தில் பெஞ்சில் வயதான ஒரு பெண், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“பெரிய டிரைவர் போயிட்டார் தம்பி” என்றார் லாரிக்காரம்மா. “இவங்கதான் அவரோட வீட்டுக்காரம்மா. அக்கா, நம்ம வண்டியப் பாக்குற மெக்கானிக் இவர்தான்.”

அந்தப் பெண் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“வண்டிக்கு அடியில படுப்பீங்களா?”

“ஆமாம்மா.”

“பாத்துப்பா” என்றாள். பிறகு தனக்குத்தானே பேசுவது மாதிரிச் சொல்லிக்கொண்டே போனாள். “அவர் தம்பி அப்படித்தான் போனான். அந்தக் காலத்து வண்டி. ஸ்பிரிங் கிஸ்பிரிங் ஒண்ணும் கிடையாது. ஏத்தத்துல காத்துக் குழாய் விட்டுப்போச்சுன்னு தம்பி அடியில போனான். இவர் பெடலை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். எஞ்சின் நின்னுபோச்சு. காத்து எறங்கிப்போச்சு. ‘மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன், நான் காலை எடுக்கவே இல்ல’ன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார். நாங்க யாராவது அவரைக் குத்தம் சொன்னோமா?”

நெட்டை ஒரு அடி நெருங்கினான். “தம்பி பேரு...”

“பேரு என்னமோ. இவரு சுண்டுன்னுதான் கூப்பிடுவாரு.”

நடையில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது போகும்வரை அவள் நிறுத்தினாள்.

“எட்டு மாசமா படுக்கை. இடுப்புக்குக் கீழ அசைவே கிடையாது. இன்னைக்கு மதியம் திடீர்னு வலது காலைக் கொண்டுபோய் கட்டில் கம்பியில வச்சு அழுத்தினார் பாருங்க... நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். எடுக்க முடியல. வேர்த்துக் கொட்டுது, மூச்சு பம்பு அடிக்கிற மாதிரி வாங்குது. ‘வெளிய வாடா, வெளிய வாடா’ன்னு ஒரே புலம்பல். நர்ஸு வந்து பாக்குறதுக்குள்ள முகம் அப்படியே தெளிஞ்சுபோச்சு. யாரோ என்னமோ சொன்ன மாதிரி காதைச் சாய்ச்சுக் கேட்டாரு. ‘சரிடா’ன்னாரு. காலை எடுத்துட்டாரு. அவ்வளவுதான்.”

“எத்தனை மணிக்கும்மா?” என்று அவன் கேட்கவில்லை. எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. அவன் அதன் பக்கம் திரும்பவே இல்லை. லாரிக்காரம்மாவே சொன்னார்.

“மூணு பத்துன்னு எழுதியிருக்காங்க.”

அப்போது அறைக்கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேர் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். முகம்வரை வெள்ளைத் துணி. கால் பக்கம் துணி எட்டவில்லை. நர்ஸ் ஒருத்தி ஈரப்பஞ்சால் அவர் வலது பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கூட நடந்தாள்.

“போகவே மாட்டேங்குது” என்றாள் எரிச்சலோடு. “காலையில நான்தான் உடம்பு துடைச்சேன். அப்போ இது இல்ல.”

நெட்டை பார்த்தான்.

எட்டு மாதமாகத் தரையைத் தொடாத, பச்சைப் பிள்ளை மாதிரி வெளுத்துப்போன பாதம். அதில் குறுக்கே கறுப்பாக வரிகள்.

ஐந்து வரி.

நடு வரி பாதியில் அறுந்திருந்தது.

*

அவன் மாடிக்குப் போனான். மனைவி பையெல்லாம் கட்டித் தயாராக வைத்துவிட்டு, திட்டுவதற்கும் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். தோளில் சட்டைக்கு மேலே கசிந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. கழுவச் சொல்லவும் இல்லை. பிள்ளையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கிரீஸ் கையோடு மகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவன் நின்றுகொண்டே இருந்தான். துணியில் கறை பட்டது. பட்டுவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அந்தப் பெடல் ரப்பரை அவன் மாற்றவில்லை. வண்டி வந்து போகும்போதெல்லாம் பார்ப்பானாம். ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அவனிடம் கேட்டாலும் பதில் வராது. ஒவ்வொரு தடவை மிதி என்று சொல்வதற்கு முன்னாலும் எழுந்து வந்து, மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் மறுபடி அடியில் படுக்கிறான்.

நேரமாகிவிட்டது, போய்வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பிப் போகிறவர்கள் எல்லோரும் சாயங்காலம் கை கால் முழுசாக வாசலில் வந்து நிற்கட்டும். பிறந்த பிள்ளைகள் அப்பன் கையில் இருக்கட்டும். சரிவில் நிற்கிற நேரம் உங்கள் வீட்டாருக்கு வந்தால், பிடித்துக்கொள்ள ஒரு கால் இருக்கட்டும். நீங்கள் கூப்பிடும்போது பதில் சொல்ல ஒரு குரல் இருக்கட்டும்.

அது உயிரோடு இருப்பவரின் குரலாகவே இருக்கட்டும்.